13 வயதில் பாடியது, 78 வயதில் முதலிடம்: பிரெண்டா லீயின் கிறிஸ்துமஸ் பாட்டு ஜெயித்தது எப்படி?

2023 டிசம்பர் 9 தேதியிட்ட அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு 'ராக்கின் அரவுண்ட் தி கிறிஸ்மஸ் ட்ரீ'. பாடியவர் பிரெண்டா லீ. அப்போது அவருக்கு வயது 78. அந்தப் பாட்டை அவர் பாடியபோது வயது 13. ரீமிக்ஸ் இல்லை, புதிதாகப் பாடிச் சேர்த்ததும் இல்லை. 1958 அக்டோபரில் நாஷ்வில் நகரத்து ஸ்டூடியோவில் பதிவான அதே ஒலிப்பதிவுதான் அன்றைய இளம் நட்சத்திரங்களை எல்லாம் கீழே தள்ளிவிட்டு மேலே போய் உட்கார்ந்தது.

செய்தியைப் படித்தவர்கள் பலரும் குழம்பினார்கள். 65 வருடப் பழைய பாட்டை இந்த வாரத்துப் பட்டியலில் எப்படிச் சேர்த்தார்கள்? அவ்வளவு நல்ல பாட்டு என்றால் வெளிவந்தபோதே ஏன் ஜெயிக்கவில்லை? பாடியவரைக் கன்ட்ரி பாடகி என்கிறார்கள், பாட்டின் பெயரிலோ ராக் இருக்கிறது, எது சரி? இத்தனை பேர் கேட்டதற்கான பணம் யாருக்குப் போயிற்று?

சுருக்கமாகச் சொன்னால் பாட்டு மாறவில்லை, எண்ணும் முறைதான் மாறியது. ஆனால் அது பாதி விடை. எண்ணும் முறை மாறும்வரை அந்தப் பாட்டு உயிரோடு இருந்ததற்கு வேறு காரணம் உண்டு. அதை அறிய அவர் வாழ்க்கைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

## முதலில் மூன்று சொற்கள்

1. கன்ட்ரி. தமிழ்ப் பத்திரிகைகள் இதை 'நாட்டுப்புற இசை' என்று எழுதிவிடுகின்றன. இது தவறான புரிதலுக்கு இழுத்துச் செல்லும். நாட்டுப்புறப் பாட்டுக்கு இயற்றியவர் பெயர் பெரும்பாலும் தெரியாது, வாய்வழியாக வருவது. கன்ட்ரி அப்படியல்ல. அமெரிக்கத் தென் மாநிலங்களின் கிராமத்து இசையை 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கடைச் சரக்காக மாற்றியபோது உருவான வகை அது. கவிஞர், நிறுவனம், ஒப்பந்தம் எல்லாம் உண்டு. அதன் தலைநகரம் டென்னசி மாநிலத்து நாஷ்வில்.

2. ஹாட் 100. பில்போர்டு என்ற இசை வணிகப் பத்திரிகை வாரந்தோறும் வெளியிடும் பட்டியல். தொடங்கிய நாள் 1958 ஆகஸ்ட் 4. அந்த வாரம் அமெரிக்காவில் எந்தப் பாட்டு அதிகம் ஓடியது என்பதற்கான கணக்கு இது. பாட்டின் தரத்துக்கான மதிப்பெண் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

3. பாட்டும் ஒலிப்பதிவும். சட்டத்தின் பார்வையில் இவை இரண்டு வேறு சொத்துக்கள். மெட்டும் வரிகளும் சேர்ந்த 'பாட்டு' எழுதியவருடையது அல்லது அவரது பதிப்பகத்துடையது. குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட நாளில் பாடிய 'ஒலிப்பதிவு' பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்துடையது. பணம் யாருக்கு என்ற கேள்வி இந்தப் பிரிவின்மேல்தான் நிற்கிறது.

## பட்டியலுக்கு முன்பிருந்த சிறுமி

பிரெண்டா மே டார்ப்லி 1944 டிசம்பர் 11 அன்று ஜார்ஜியா மாநிலம் அட்லாண்டாவில் பிறந்தார். அப்பா தச்சர், அம்மா பருத்தி ஆலையில் வேலை செய்தவர். கைக்கும் வாய்க்குமான பிழைப்பு. பிரெண்டாவுக்கு எட்டு வயதானபோது கட்டட வேலையிடத்தில் நடந்த விபத்தில் அப்பா இறந்துபோனார். அதற்கு முன்பே உள்ளூர்ப் போட்டிகளிலும் ரேடியோவிலும் பாடிக்கொண்டிருந்த சிறுமியின் வருமானம் அதன்பிறகு குடும்பத்துக்கு முக்கியமாகிவிட்டது. குடும்பப் பெயரின் கடைசி அசையைப் பிய்த்து மேடைப் பெயரை 'லீ' என்று ஆக்கினார்கள்.

1950-களின் நடுவில் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரத்துக்கு ரெட் ஃபோலி வந்தார். அவர் அன்று கன்ட்ரி இசையின் பெரிய மனிதர். 'ஓசார்க் ஜூபிலி' என்ற டிவி நிகழ்ச்சியை நடத்தியவர். 30 டாலர் தருவதாக இருந்த ஒரு ரேடியோ நிகழ்ச்சியை விட்டுவிட்டு அவரைப் பார்க்கப் போன சிறுமிக்கு மேடையில் ஒரு பாட்டுப் பாட வாய்ப்புக் கிடைத்தது. தேர்ந்தெடுத்தது ஹாங்க் வில்லியம்ஸின் 'ஜம்பலாயா'. சிறிய உடம்பிலிருந்து கிளம்பிய குரலைக் கேட்டு ஃபோலி அசந்துபோனார். விரைவிலேயே பிரெண்டா தேசிய டிவியில் பாடினார். 1956-ல் டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. முதல் இசைத்தட்டில் '9 வயது லிட்டில் பிரெண்டா லீ' என்று அச்சிட்டார்கள். உண்மையில் வயது 11. பாடகியின் வயதைக் குறைத்தால் தட்டு கூடுதலாக விற்கும் என்ற நினைப்பு!

1957-ல் பாடிய 'டைனமைட்' என்ற பாட்டால் 'லிட்டில் மிஸ் டைனமைட்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. வளர்ந்த பிறகும் உயரம் 4 அடி 9 அங்குலம்தான். 1959-ல் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் பாட ஏற்பாடானபோது, வரப்போவது சிறுமி என்று அறிந்த அங்கிருந்த ஏற்பாட்டாளர் தயங்கினார். மேலாளர் டப் ஆல்பிரிட்டன் என்ன செய்தார் தெரியுமா? பாடகி உண்மையில் 32 வயதுக் குள்ளப் பெண் என்று ஒரு பத்திரிகையில் கதை வரவைத்தார். பிறகு அதை அவரே மறுத்தார். பரபரப்பில் அரங்கம் நிறைந்தது. அங்கே குறைத்த வயதை இங்கே கூட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

## 1958: பாட்டு பிறந்ததும் தோற்றதும்

'ராக்கின் அரவுண்ட் தி கிறிஸ்மஸ் ட்ரீ'யை எழுதியவர் ஜானி மார்க்ஸ். நியூயார்க்கைச் சேர்ந்த யூதர். கிறிஸ்துமஸ் கொண்டாடும் மதத்தவர் அல்ல. ஆனால் கிறிஸ்துமஸ் பாட்டு எழுதுவதே அவர் தொழிலாகிப்போனது. சிவப்பு மூக்கு மான் ருடால்ஃபைப் பற்றிய பாட்டு அவருடையது. அதை 1949-ல் பாடிப் பெரும் வெற்றியாக்கியவர் ஜீன் ஆட்ரி. குதிரையேறி நடித்துப் பாடிய கன்ட்ரி நட்சத்திரம். கிறிஸ்துமஸ் பாட்டுக்கும் கன்ட்ரி பாடகருக்குமான உறவு பிரெண்டாவுக்கு முந்தியது என்பதற்காக இதைச் சொல்கிறேன். 1957-ல் 'ஜிங்கிள் பெல் ராக்' பாடிய பாபி ஹெல்ம்ஸும் கன்ட்ரிக்காரர்தான், அதே டெக்கா நிறுவனத்தவர்தான். அந்தப் பாட்டு நன்றாக ஓடியதால் அடுத்த வருடமும் கிறிஸ்துமஸோடு 'ராக்' சேர்ந்தது வியப்பல்ல.

1958 அக்டோபர் 19 அன்று நாஷ்வில்லில் பதிவு. தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி. கிறிஸ்துமஸ் நினைப்பு வரட்டும் என்று ஏசியைக் கூட்டி ஸ்டூடியோவைக் குளிராக்கி, உள்ளே ஒரு கிறிஸ்துமஸ் மரத்தையும் வைத்திருந்தார் என்று பிரெண்டா பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிதாரில் ஹாங்க் கார்லண்ட், பியானோவில் ஃப்ளாய்ட் கிரேமர், சாக்ஸபோனில் பூட்ஸ் ராண்டால்ஃப், பின்குரலில் அனிதா கெர் குழுவினர். நாஷ்வில்லின் முதல் வரிசைக் கலைஞர்கள் இவர்கள். பாட்டின் நீளம் இரண்டு நிமிடம் சொச்சம்.

'கன்ட்ரியா ராக்கா' என்ற கேள்விக்கு விடை இந்த ஆட்களின் பட்டியலிலேயே இருக்கிறது. நிறுவனத்தின் நாஷ்வில் கிளை, கன்ட்ரி இசைக் கலைஞர்கள், கன்ட்ரி டிவியில் வளர்ந்த பாடகி. வாசித்த தாளம் மட்டும் ராக் அண்ட் ரோல். தெற்கத்திய இசையில் அன்று இந்த இரண்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது. சுவரை எழுப்பியவர்கள் பட்டியல் போட்டவர்களும் ரேடியோ நிலையத்தாரும்தான்.

தட்டு கடைக்கு வந்தது, விற்கவில்லை. முதல் வருடம் சுமார் 5,000 தட்டுகளே போனதாகச் சொல்வார்கள். அடுத்த வருடம் மறுபடி விட்டார்கள், அப்போதும் படுத்தது. காரணம் எளிமையானது: பாடகியின் பெயர் அன்று பெரிதாக எடுபடவில்லை. 'டைனமைட்' எட்டிய உயரமே 72-ஆம் இடம்தான். அதே 1958 கிறிஸ்துமஸுக்கு ஹாட் 100-ல் முதலிடம் பிடித்தது எது தெரியுமா? டேவிட் செவில்லின் 'தி சிப்மங்க் சாங்'. ஒலிநாடாவை வேகமாக ஓட்டி அணில் குரலாக்கிய வேடிக்கைப் பாட்டு. ஹாட் 100-ன் முதலிடத்தை அடைந்த முதல் கிறிஸ்துமஸ் பாட்டு அது. அடுத்த ஒன்றுக்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

## 1960: பின்னால் வந்தது முன்னால் போனதைத் தூக்கியது

1960-ல் 'ஐ'ம் சாரி' வந்தது. வயலின்களைப் பின்னால் வைத்து மெதுவாக நகரும் பாட்டு. 15 வயதுப் பெண் காதல் துயரம் பாடலாமா என்று நிறுவனம் தயங்கியதாகவும் அதனால் வெளியீடு தள்ளிப்போனதாகவும் கதை உண்டு. ஜூலையில் அது முதலிடம். அக்டோபரில் 'ஐ வாண்ட் டு பி வாண்டட்' மறுபடி முதலிடம். பிரெண்டா லீ என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது.

அந்த டிசம்பரில் டெக்கா பழைய கிறிஸ்துமஸ் தட்டை மூன்றாம் முறையாகக் கடைக்கு அனுப்பியது. இம்முறை 14-ஆம் இடம் வரை ஏறியது. பாட்டு அதேதான்; பாடியவர் யார் என்பது கேட்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிறிஸ்துமஸ் பாட்டு பிரெண்டா லீயைப் பிரபலமாக்கியது என்று இன்று எழுதுகிறவர்கள் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். அவருடைய புகழ்தான் அந்தப் பாட்டைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றியது.

1960-களில் ஹாட் 100-ல் அவர் பாடிய 47 பாட்டுகள் இடம்பெற்றன. அந்தப் பத்தாண்டில் அவருக்கு மேலே இருந்தவர்கள் எல்விஸ் பிரெஸ்லி, பீட்டில்ஸ், ரே சார்லஸ் மட்டுமே. இளைஞர் ரசனை மாறியபோது அவர் வேரடி நிலத்துக்கே திரும்பினார். 1973-ல் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் எழுதிய 'நோபடி வின்ஸ்' கன்ட்ரி பட்டியலில் 5-ஆம் இடத்தைத் தொட்டது. 1980-களிலும் அந்தப் பட்டியலில் அவருக்கு இடமிருந்தது. 1997-ல் கன்ட்ரி இசையின் ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் கௌரவப் பட்டியலிலும் 2002-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமிலும் அவரைச் சேர்த்தார்கள். இரண்டிலும் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். இந்த வரலாறு முழுவதையும் இரண்டு நிமிடப் பண்டிகைப் பாட்டு ஒன்று மறைத்துக்கொண்டு நிற்பது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது.

## பட்டியலின் விதி மாறிய கதை

இனி எண்ணும் முறைக்கு வருவோம். 2023-ன் புதிர் இங்கேதான் அவிழ்கிறது.

1. தனிப் பந்தி. கிறிஸ்துமஸ் தட்டுகள் வருடாவருடம் திரும்பி வந்து புதுப் பாட்டுகளின் இடத்தை அடைத்துக்கொள்வதைப் பத்திரிகை விரும்பவில்லை. 1963 முதல் 1972 வரை அவற்றுக்குத் தனிப் பட்டியல். 1960 முதல் மூன்று கிறிஸ்துமஸ்களில் 14, 50, 59 என்று ஹாட் 100-ல் இறங்கிக்கொண்டே வந்த பிரெண்டாவின் பாட்டு அத்தோடு வெளியே போனது.

2. பழசுக்குத் தடை. அதன்பின் பழைய பாட்டுகள் திரும்ப நுழைவதைத் தடுக்கும் விதிகள் இறுகின. எத்தனை பேர் கேட்டாலும் பழைய பாட்டு பழைய பாட்டுதான்.

3. எதை எண்ணுவது? தொடக்கத்தில் இரண்டுதான் கணக்கு: கடையில் விற்ற தட்டு, ரேடியோவில் போட்ட தடவை. 2007-ல் இணையத்தில் கேட்பதும் சேர்ந்தது. 2012-ல் கேட்பவரே விரும்பித் தேர்ந்தெடுக்கும் ஸ்ட்ரீமிங்கும், 2013-ல் யூடியூப் பார்வைகளும் எடை பெற்றன. 2018 முதல் பணம் கட்டிக் கேட்பவரின் ஒரு கேட்பு இலவசமாகக் கேட்பவருடையதைவிட அதிகப் புள்ளி பெறுகிறது.

4. கதவு திறந்தது. 2012-ல் தடை தளர்ந்தது. போதுமான புள்ளிகளோடு முதல் 50 இடங்களுக்குள் வந்தால் பழைய பாட்டும் உள்ளே வரலாம் என்றானது.

மூன்றாவது புள்ளிதான் எல்லாவற்றிலும் கனமானது. தட்டு யுகத்தில் ஒருவர் ஒரு பாட்டை ஒருமுறைதான் வாங்குவார். 1960-ல் வாங்கியவர் வீட்டில் அதை ஐம்பது கிறிஸ்துமஸுக்குப் போட்டாலும் பட்டியலுக்குத் தெரியாது. ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு முறை போடுவதும் ஒரு எண். அதாவது பட்டியல் முன்பு அளந்தது வாங்குவதை. இப்போது அளப்பது பழக்கத்தை. பழக்கம் என்று வந்துவிட்டால் பண்டிகைப் பாட்டோடு யார் போட்டி போட முடியும்? கடைகள், அலுவலக விருந்துகள், சமையலறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அதே நாற்பது ஐம்பது பாட்டுகளை ஓட விடுகின்றன. இரண்டு நிமிடப் பாட்டுக்கு இங்கே இன்னொரு சலுகையும் உண்டு: நீளமான பாட்டு ஓடி முடிவதற்குள் இது இரண்டாம் முறை ஓடிவிடும்.

இந்தக் கதவு வழியாக முதலில் உச்சிக்குப் போனவர் மரியா கேரி. 1994-ல் வந்த அவரது கிறிஸ்துமஸ் பாட்டு 2019 டிசம்பரில் முதலிடம் பிடித்தது. அன்று முதல் வருடாவருடம் அவர் முதலிடம், பிரெண்டா லீ இரண்டாமிடம் என்பது கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்டது.

## 2023-ல் என்ன கூடுதலாக நடந்தது?

65-ஆம் ஆண்டு என்பதை யுனிவர்சல் மியூசிக்கின் நாஷ்வில் பிரிவு பிடித்துக்கொண்டது. பழைய டெக்காவின் சொத்து இன்று அந்தக் குழுமத்திடம்தான் இருக்கிறது. நவம்பரில் பாட்டுக்கு முதல்முறையாக ஒரு வீடியோ எடுத்தார்கள். 78 வயது பிரெண்டா தன் 13 வயதுக் குரலுக்கு வாயசைத்தார். கூடவே கன்ட்ரி பாடகிகள் தான்யா டக்கரும் த்ரிஷா இயர்வுட்டும் வந்தார்கள். டிக்டாக்கிலும் கணக்குத் தொடங்கினார். 1990-ல் வந்த 'ஹோம் அலோன்' படம் ஏற்கெனவே ஒரு தலைமுறைக்கு இந்தப் பாட்டை அறிமுகம் செய்து வைத்திருந்ததும் உதவியது.

முதலிடத்துக்கான கணக்கு எடுத்த வாரம் நவம்பர் 24 முதல் 30 வரை. தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த மறுநாள் தொடங்கும் வாரம். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பாட்டு மூச்சாக ஓடத் தொடங்கும் நாள் அதுதான். அந்த ஏழு நாளில் ஸ்ட்ரீமிங்கில் சுமார் 3.5 கோடி முறை கேட்டார்கள். விலைக்கு வாங்கியவர்கள் ஏறக்குறைய 3,000 பேர். 1958-ல் 5,000 விற்றது தோல்வி, 2023-ல் 3,000 விற்றது முதலிடம். எண்ணும் முறை எவ்வளவு மாறிவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இரண்டு வாரம் அங்கேயே இருந்தது. அதற்குள் அவருக்கு 79 வயது. மரியா கேரி வந்து இடத்தை வாங்கிக்கொண்டார். 2024 ஜனவரி 6 பட்டியலில் பிரெண்டா மீண்டும் ஒரு வாரம் மேலே. ஹாட் 100-ல் முதலிடம் பெற்றவர்களிலேயே மூத்தவர் அதுவரை லூயி ஆம்ஸ்ட்ராங். 1964-ல் அவருக்கு 62 வயது. அந்தச் சாதனை உடைந்தது. ஒரே பாடகரின் இரண்டு முதலிடங்களுக்கு இடையே 63 வருடங்கள் என்பதும் இதற்கு முன் நடந்ததில்லை.

## பணம் போகும் வழி

மேலே சொன்ன இரண்டு சொத்துக்களை நினைவில் வைத்துக்கொண்டால் இது எளிது.

1. ரேடியோ. அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் நிலையங்கள் பாட்டு எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும்தான் ராயல்டி தருகின்றன. பாடியவருக்கோ ஒலிப்பதிவின் உரிமையாளருக்கோ சட்டப்படி ஒரு காசும் தர வேண்டியதில்லை. அறுபது வருடம் டிசம்பர் தோறும் ரேடியோ போட்டதில் பயன் பெற்றது ஜானி மார்க்ஸ் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் மியூசிக் பதிப்பகம். மார்க்ஸ் 1985-ல் இறந்தார். பதிப்பகத்துக்கு வரவு நிற்கவில்லை.

2. ஸ்பாட்டிஃபை போன்றவை. ஒலிப்பதிவுக்கான பங்கு நிறுவனத்துக்குப் போகிறது. அதிலிருந்து பாடகருக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

3. செயற்கைக்கோள், இணைய ரேடியோ. இங்கே சட்டமே பிரித்துக் கொடுக்கிறது: ஒலிப்பதிவு உரிமையாளருக்கு 50 விழுக்காடு, முதன்மைப் பாடகருக்கு 45, உடன் வாசித்தவர்களுக்கு 5. ஆனால் 1972 பிப்ரவரிக்கு முந்திய ஒலிப்பதிவுகள் மத்திய பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வராமல் இருந்ததால் பழைய பாடகர்களுக்கு இந்தப் பங்கு உறுதியாகக் கிடைக்கவில்லை. 2018-ன் இசை நவீனமயமாக்கல் சட்டம்தான் அந்த ஓட்டையை அடைத்தது. அப்போது பிரெண்டாவுக்கு 73 வயது.

## குரலுக்கு உரிமையாளர் யார்?

2024 அக்டோபரில் யுனிவர்சல் அடுத்த அடியை எடுத்து வைத்தது. அதே பாட்டு ஸ்பானிஷ் மொழியில், பிரெண்டா லீயின் 1958 குரலில். அவருக்கு ஸ்பானிஷில் பாடும் வேலையே இல்லை. லெய்லா ஹாய்ல் என்ற பாடகி ஸ்பானிஷ் வரிகளைப் பாடினார்; பிரெண்டாவின் பழைய பதிவுகளைக் கொண்டு பயிற்றுவித்த செயற்கை நுண்ணறிவு அந்தக் குரலைப் பதின்வயது பிரெண்டாவின் குரலாக மாற்றியது. பிரெண்டாவின் சம்மதத்தோடு நடந்ததுதான்.

இங்கே மூன்றாவதாக ஒரு சொத்து முளைக்கிறது. பாட்டின் பதிப்புரிமை 1958-லிருந்து 95 வருடம். 2053 முடிவோடு தீரும். ஒலிப்பதிவின் பாதுகாப்பு 2067 பிப்ரவரி வரை. குரல் இந்த இரண்டிலும் சேராது. சம்மதமில்லாமல் ஒருவர் குரலைப் போலிசெய்வதைத் தடுக்க 2024 மார்ச்சில் ஒரு மாநிலம் சட்டம் இயற்றியது. எல்விஸின் பெயரையே அதற்குச் சூட்டியது. பிரெண்டா பாடி வளர்ந்த அதே டென்னசிதான். அந்த மாநிலச் சட்டப்படி ஒருவர் இறந்து பத்து வருடம் வரை இந்த உரிமை வாரிசுகளுக்கு உண்டு. அதன்பிறகும் வணிகத்துக்குப் பயன்படுத்திக்கொண்டே இருந்தால் உரிமை நீடித்துக்கொண்டே போகும். முடிவுத் தேதி கிடையாது.